வீட்டுக்குள் முடங்கியவர் சோம்பேறி அல்ல!

(குடும்பங்களுக்கான ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத அன்பர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



என்னைக் கூட்டத்துக்கு அழைப்பவர்கள் வழக்கமாகக் குடியுரிமை, கோயில் நிலம், தமிழ்ப்பள்ளி என்று தலைப்புக் கொடுப்பார்கள். இன்று அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, இந்த மண்டபத்துக்கு வராத ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் உங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். உங்கள் மகனாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், சில வீடுகளில் கணவராகவும் இருக்கலாம். வேலை போய் இரண்டு வருடம், ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம்கூட ஆகிவிட்டது. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. கல்யாணம், கருமாதி எதற்கும் வருவதில்லை. யாராவது விசாரித்தால், "அவன் வெளியூர்ல வேலை செய்றான்" என்று சொல்லி நாமும் பழகிவிட்டோம்.

உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் அந்த அறையில் இருந்தவன்தான்.

2004-இல் சட்டப் பட்டம் வாங்கினேன். லாரி ஓட்டுநர் மகன் லாயராகப் போகிறான் என்று எங்கள் அடுக்குமாடி முழுக்கப் பேச்சு. ஆனால் பட்டம் மட்டும் இருந்தால் வழக்கறிஞர் ஆக முடியாது. அதன் பிறகு சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டும். முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவையும் தோற்றேன். அதற்குப் பிறகு நாலு வருடம் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வேன். அவர்கள் பேசுவது கதவுக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். "படிச்சும் என்ன பிரயோசனம்?" அப்பா அதற்குப் பதில் சொல்ல மாட்டார். அந்த மௌனம்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஒரு கடிதம் வந்தது

2009-இல் ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினார். கையில் ஒரு கடிதம். "தம்பி, நீ லா படிச்ச பிள்ளைதானே, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். எனக்கு வேலை கிடைத்ததா, எப்போது பரீட்சை என்று எதுவும் கேட்கவில்லை.

அது அவர் கணவருடைய வேலை நீக்கக் கடிதம். ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் போர்க்லிப்ட் ஓட்டியவர். கடிதத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். 41 நாள் ஆகியிருந்தது. ஏன் இவ்வளவு நாள் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன். அந்த அண்ணன் மனைவியிடமே சொல்லவில்லையாம். தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கிறார். சட்டையைத் துவைக்கும்போது அக்கா பாக்கெட்டில் கடிதத்தைக் கண்டெடுத்திருக்கிறார்.

1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம், 20-ஆவது பிரிவு. தக்க காரணம் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். 61-ஆவது நாள் போனால் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்தக் கதவு மூடிவிடும். பாடத்தில் படித்தது எனக்கு அப்படியே நினைவில் இருந்தது. இன்னும் 19 நாள்தான் பாக்கி.

மறுநாள் காலை அந்த அண்ணனோடு நானும் பஸ் ஏறினேன். பல மாதத்தில் அதுதான் நான் பஸ் ஏறியது. பழைய சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை. பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. கை வியர்த்தது. பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். அதனால் நான் இறங்கவில்லை.

அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சமரசப் பேச்சில் சில மாதச் சம்பளம் கிடைத்தது. எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? என்னாலும் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற நினைப்பு கிடைத்தது. 2011-இல் மூன்றாம் தடவை தேர்வு எழுதித் தேறினேன். இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அன்று நான் தெரிந்துகொண்டது ஒன்று. வெட்கம் நாளைத் தின்னும். சட்டமோ நாளை எண்ணிக்கொண்டே இருக்கும். நம் மக்கள் உரிமையை இழப்பது சட்டம் தெரியாததால் மட்டும் அல்ல. வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துவிடுவதாலும்தான்.

இது சோம்பேறித்தனம் இல்லை

"எங்க காலத்துல விடியக்காலை அஞ்சு மணிக்குப் பெரட்டுக்கு நின்னோம், இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு உடம்பு வணங்கல" என்று பெரியவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு பழைய செய்தி சொல்கிறேன்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். நம் தோட்டம் மாதிரியேதான். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. 1929, 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. அந்த ஊருக்கு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து, 1933-இல் புத்தகம் வெளியிட்டார்கள். வேலை இல்லாதவருக்கு நேரம் நிறைய இருக்குமே, நிறையப் படிப்பார்கள், ஊர் வேலையில் ஈடுபடுவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துவிட்டது. பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார்கள். வீட்டு வேலை இருந்ததால் பெண்கள்தான் வேகமாக நடந்தார்கள். அந்த மக்கள் பரம்பரை உழைப்பாளிகள். நேற்றுவரை ஆலையில் வேலை செய்தவர்கள் ஒரே இரவில் சோம்பேறி ஆகிவிடுவார்களா? வேலை போனபோது அவர்களுடைய நாளின் ஒழுங்கும் கூடவே போய்விட்டது.

நமக்கு நடந்ததும் அதுதான். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது வேலை மட்டுமா போனது? லயத்து வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூடம், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேசிய பக்கத்து வீட்டார் எல்லாம் ஒன்றாகப் போனது. தோட்டத்தில் ஒருவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். பதினாறாம் மாடியில் இரண்டு வருடம் வராவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. விண்ணப்பம் போட்டால், நம் பெயரைப் பார்த்ததும் ஒதுக்கி வைக்கும் முதலாளிகளும் உண்டு. அதை எதிர்த்து நாம் போராட வேண்டும், போராடுவோம். ஆனால் அந்தப் பழியையும் சேர்த்துப் பின்னறையில் இருக்கும் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

ஜப்பானில் இப்படி முடங்கியவர்களுக்கு ஹிகிகோமோரி என்று பெயர். அங்குள்ள அரசாங்கம் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேர். '80-50 பிரச்சினை' என்றும் அங்கே சொல்வார்கள். எண்பது வயதுத் தாய், ஐம்பது வயதுப் பிள்ளைக்குச் சோறு போடும் நிலை அது. நம் வீடுகளில் இப்போது தாய்க்கு 62, பிள்ளைக்கு 35. இன்னும் இருபது வருடத்தில் நாமும் அங்கே போய் நிற்போம். நாம் கண்ணை மூடிய பிறகு அந்தப் பிள்ளைக்கு யார்? இந்தக் கேள்வியை இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் கிளினிக்

பெற்றோர்களே, முதல் நாளே வேலைக்குத் துரத்தாதீர்கள். முதலில் அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. "தூக்கம் வரல, யாரையும் பார்க்கப் பிடிக்கல, எதுலயும் மனசு போகல" என்று டாக்டரிடம் சொன்னால் போதும். மனச்சோர்வு என்பது சர்க்கரை, இரத்த அழுத்தம் போல ஒரு நோய். மருந்து உண்டு, ஆலோசனை உண்டு. மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. நான் குறுக்கே வரவில்லை. கயிறு கட்டிய கையோடு கிளினிக்குக்கும் போங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்து பல குடும்பங்கள் மறைத்தன. அந்தப் பயத்துக்கு அப்போது காரணம் இருந்தது. தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவின் கீழ் அது குற்றம். 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இனி அந்தப் பயம் வேண்டாம். மனம் உடைந்து பேசினால் உடனே உதவி தேடுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

அடுத்தது காகிதம்

பல வருடம் வீட்டில் இருந்தவருடைய காகிதங்களும் அவரோடு சேர்ந்து தூங்கியிருக்கும். ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள்.

ஐ.சி. இருக்கிறதா, உடைந்திருக்கிறதா, முகவரி சரியா என்று பாருங்கள். பிரச்சினை இருந்தால் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும்.

கார், மோட்டார் லைசென்ஸ் எப்போது முடிந்தது? முடிந்து 3 வருடம் தாண்டிவிட்டால் புதுப்பிக்க முடியாது, மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும். தாண்டவில்லை என்றால் இந்த வாரமே போய்ப் புதுப்பியுங்கள். ஒரு லைசென்ஸ் என்பது ஒரு வேலைக்குச் சமம்.

வங்கிக் கணக்கு 7 வருடம் அசையாமல் கிடந்தால், உரிமை கோரப்படாத பணம் என்று அரசாங்கத்திடம் போய்விடும். தொலைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

கடன் இருந்தால் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படியுங்கள். பிரிக்காத கடிதம்தான் ஆளைக் கொல்லும். கடன் ஆலோசனைக்கு ஏ.கே.பி.கே. என்ற அமைப்பு 2006 முதல் இயங்குகிறது; கட்டணம் இல்லை. சின்னக் கடனுக்கே திவாலாக்கிவிடுவார்கள் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 2021-இல் அந்த வரம்பு 1 லட்சம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. கடனை அடைக்கிறேன் என்று ஆலோங்கிடம் மட்டும் போகாதீர்கள்!

இப்போதுதான் வேலை போனவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வேலை நீக்க மனுவுக்கு 60 நாள். 2018 முதல் நடப்பில் உள்ள பெர்கேசோ வேலைக் காப்புறுதியில் உதவித்தொகை கேட்கவும் 60 நாள். சொந்த விருப்பத்தில் ராஜினாமா செய்தவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து நின்றவருக்கும் அந்த உதவித்தொகை இல்லை. ஆகவே, "நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று முதலாளி ஒரு தாளை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து யாரிடமாவது காட்டுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன.

பிறகுதான் வேலை

பெர்கேசோவின் மைபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதிந்துகொள்ளலாம், இலவசம். வேலையை இழந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் பதியலாம். அப்பாவோடு வயரிங், வெல்டிங் என்று பழகி, கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அனுபவத்தைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி உண்டு, பி.பி.டி. முறை என்று திறன் மேம்பாட்டு இலாகாவில் கேளுங்கள். வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

"அஞ்சு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று நேர்முகத்தில் கேட்பார்கள். கேட்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் இடைவெளி இருந்தால் வேலை கொடுக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. பொய் சொல்ல வேண்டாம். "உடம்பு சரியில்லாமல் இருந்தேன், இப்போது தேறிவிட்டேன், வேலைக்குத் தயார்" என்று இரண்டே வரி. வீட்டில் சத்தமாகப் பத்துத் தடவை சொல்லிப் பழகுங்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முதல் வேலை பெரிய வேலையாக இருக்காது. பரவாயில்லை, ஆனால் உரிமையை விட்டுக் கொடுக்காதீர்கள். 2025 ஆகஸ்ட் முதல் நாடு முழுக்க எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. இ.பி.எப்., சொக்சோ பிடிக்க வேண்டும். "ரொம்ப நாள் சும்மா இருந்தவன்தானே" என்று குறைத்துக் கொடுத்தால், தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கை. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம், விமான டிக்கெட் இலவசம் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். அப்படிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய், மோசடிக் கும்பல்களிடம் அடைபட்ட மலேசியர்கள் பலர். அடுத்து, "உன் ஏ.டி.எம். கார்டை மட்டும் கொடு, மாதம் ஐந்நூறு தருகிறேன்" என்பான். கொடுத்தால் மோசடிப் பணம் உங்கள் பெயரில் ஓடும், போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இப்படி வந்த பிள்ளைகளை நீதிமன்றத்தில் பார்க்கிறேன். பெரும்பாலும் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பிள்ளைகள்தான். அவர்களைத்தான் இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். வேலைக்குப் போய் ஒரு மாதத்தில் திரும்பி வந்து மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்ளலாம். "அப்பவே சொன்னேன்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதம் போனானே, அது கணக்கில் சேரும். அடுத்த தடவை மூன்று மாதம் போவான்.

உங்களிடம் கேட்பது

கோயில் நிர்வாகத்தாரே, மன்றத் தலைவர்களே, பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு குடியிருப்பிலும் இரண்டு பேர் முன்வந்தால் போதும். மாதம் ஒரு நாள், கூட ஆள் இல்லாமல் தயங்கும் ஒருவரை இலாகாவுக்கோ கிளினிக்குக்கோ அழைத்துப் போக வேண்டும். கவுண்டரில் எண் வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். புத்திமதி எதுவும் வேண்டாம். கூட உட்கார்ந்திருந்தாலே பெரிய உதவி.

அறைக்குள் இருக்கும் தம்பிக்கு, தங்கைக்கு ஒரு வார்த்தை. இந்த உரையை யாராவது உனக்குப் படித்துக் காட்டலாம், நீயே இரவு மூன்று மணிக்குப் படிக்கலாம். நீ கெட்டுப் போகவில்லை. நாளைக்கே வேலைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. காலையில் ஒரு தடவை கீழே இறங்கி, ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வா. மறுநாளும் அதே நேரத்துக்குப் போ. எனக்கு முதல் மாதம் அது மட்டும்தான் முடிந்தது.

பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கதவைத் தட்டுங்கள். வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் வீடு வாங்கியதையும் சொல்லாதீர்கள். தண்ணீர் பில், பள்ளிக்கூடக் கடிதம், எது வந்திருக்கிறதோ அதை நீட்டி, "இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா, எனக்குப் புரியல" என்று கேளுங்கள்.

அன்று அந்த அக்கா கேட்டது அவ்வளவுதான்.